முந்நூற்று அறுபத்தைந்தாவது குடும்பம்

இருளாண்டிக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் ஐந்து. வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், அவர் அப்படித்தான் சொல்வார். முதலாவது, 1971, ஆலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை நேரத்தில் முனகிக்கொண்டிருந்தான் என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்து எட்டு நாள் வெளியே நிறுத்தினார்கள். முனகவில்லை, இயந்திரம் எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று தொண்டையால் அளந்துகொண்டிருந்தார். இரண்டாவது, 1976, ஆர்மோனியம் கற்கப் போன இடத்தில் வாத்தியார், ஒரு ஸ்தாயிக்குக் கட்டை பன்னிரண்டு, அதில் பிறக்கும் மேளகர்த்தா ராகம் எழுபத்திரண்டு, இரண்டு கட்டைக்கு நடுவில் கேட்பதெல்லாம் பிசிறு, அதைக் காதிலிருந்து எடுத்துப்போட்டுவிட்டு வா என்று சொல்லி வாசலோடு அனுப்பியது. மூன்றாவது, 1983, கதவடைப்பு, சங்கத்துக்காரர் நாற்பத்தொரு பேரின் பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போனது, உள்ளிருந்து கொடுத்தது தவசி. நான்காவது, 1985, வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோன ஆர்மோனியப் பெட்டியை, அவர் பெட்டியை, ஸ்தாயிக்குப் பதினேழு கட்டை வைத்த பெட்டியை, திறந்துகூடப் பார்க்காமல் சுருதி சேராத வாத்தியம் என்று சீட்டெழுதித் திருப்பியது. ஐந்தாவது போன மாதம் வந்து சேர்ந்தது, பாளையங்கோட்டையிலிருந்து, ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் யூனிஸ் என்ற அம்மாள் எழுதிய கடிதம், இப்போது அவர் சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடக்கிறது. இந்த வரிசையில் மூன்றாவதை மட்டும் அவர் மற்றவற்றைவிட வேகமாகச் சொல்வார் என்பதை ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அவர் மட்டும் கவனித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி, சைக்கிள் கடை மாடியில் இருக்கும் சங்க அறை, மேலே மின்விசிறி பதினேழு கட்டையில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் எங்கேயோ உறுமிக்கொண்டிருக்க, செயலாளர் கருத்தப்பாண்டி போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கத் தொடங்கியிருந்தார். கருத்தப்பாண்டி வாசித்தால் அரைமணி. அது முடிந்ததும் இருளாண்டி எழுந்து பதில் வாசிக்க வேண்டும், பதில் எழுதி மடியில் இருக்கிறது, நாலு பக்கம், தலைப்பு ‘முந்நூற்று அறுபத்து நான்கு அல்ல, முந்நூற்று அறுபத்தைந்தே’. வாசித்தால் போதாது, சாட்சிகள் கேட்க வேண்டும். இந்தச் சங்கத்தின் வழக்கம் அது, வேறெந்தச் சங்கத்திலும் கிடையாது. ஒரு காலத்தில் நிர்வாகம் போலிக் கையெழுத்துப் போட்டு உறுப்பினர்களை ராஜினாமா செய்ய வைத்ததால், எந்தப் பெயரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் அந்தப் பெயரை மூன்று சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும், மூவரும் ஒருவர் பின் ஒருவராக ‘கேட்டேன்’ என்று சொல்ல வேண்டும், அப்படி வாசித்ததை இன்னொரு முறை வாசித்துத்தான் மாற்ற முடியும் என்று விதி செய்தவரே இருளாண்டிதான், அப்போது அவருக்கு முப்பது வயது, அந்த விதியைப் பற்றி இன்றைக்கும் அவருக்குப் பெருமை உண்டு. சாட்சிகள் முறை வைத்து வருவார்கள். இன்றைய முறை மரியசூசை, கோமதிநாயகம், மூன்றாவதாக அன்னத்தாய். முன்பெஞ்சில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நூல் சுற்றும் பகுதியில் முப்பத்தோரு வருஷம் நின்ற கால்களைப் பெஞ்சுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தவசியின் மனைவி, தவசி இறந்து ஒன்பது வருஷம். படியேறி வந்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “தலைவரே, பேப்பர் நெறைய இருக்கே, மதியச் சாப்பாட்டுக்கு விடுவீங்களா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்ததாக வைத்துக்கொண்டார். தலைவரே என்று அவள் சொல்வதில் ஒரு அரம் இருக்கும், ஆர்மோனியத்துக்குள் காற்றில் அதிரும் ரீடின் நுனியை அராவிச் சுருதியை ஏற்றுவதுபோல மெல்ல ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

அரம் என்றதும் தவசியின் கை, ஆலையில் இயந்திரம் பூட்டிக் கழற்றும் பிட்டரின் கை, பித்தளை ரீடின் நுனியில் அராவினால் சுருதி ஏறும், வேரில் அராவினால் இறங்கும், அதை அவன் சொல்லித்தான் இவருக்குத் தெரியும், எட்டு மாதம், ஞாயிறு ஞாயிறாக, ஒரு ஸ்தாயியைச் சமமாகப் பதினேழு படியாக்க ரீடுகளை மாற்றி மாற்றி அராவினார்கள், ஏன் பதினேழு என்றால் அன்னத்தாய், ஆமாம் அவள்தான், நூல் சுற்றும் பகுதியில் அவள் பாடுவதைப் பெட்டியில் பிடிக்கப் போனபோது அவளுடைய காந்தாரம் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, சின்னக் காந்தாரத்துக்கு மேலே, பெரிய காந்தாரத்துக்குக் கீழே, வாத்தியார் பிசிறு என்ற அதே இடத்தில் அசையாமல் நின்றது, பதினேழாகப் பிரித்தால் ஐந்தாம் படியில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது, அன்றைக்குத் தவசி எழுந்து ஆடினான், பெட்டிக்கு முன்னால், அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இல்லை, தவசியைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம், பதில், பதிலின் இரண்டாம் பக்கம், கருத்தப்பாண்டி இன்னும் குடிநீர்க் குழாய் தீர்மானத்தில்தான் இருக்கிறார், நேரம் இருக்கிறது. கடிதத்தில் அந்த அம்மாள் என்ன எழுதியிருந்தாள், மதிப்புக்குரிய ஐயா, ஐந்து சுர இசைக் குடும்பங்கள் பற்றிய உங்கள் பதினாறு பக்கச் சிறு நூலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், கடைசிப் பக்கம் வரை, முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி எழுதியவர் யாரும் இல்லை, அந்த ஒரு வரிக்காக அவளை மன்னித்திருப்பார். அடுத்த வரி. பதினேழு படிகளில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 6188 வழிகள், எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் ஒரே குடும்பம் என்பது நீங்கள் வகுத்த விதி, அப்படியானால் ஒவ்வொரு குடும்பமும் பதினேழு முறை எண்ணப்பட்டிருக்கும், வகுத்தால் மிச்சமில்லாமல் 364, நீங்கள் 365 பெயர் கொடுத்திருக்கிறீர்கள், ஏதோ ஒன்று இரண்டு முறை வந்திருக்கிறது, எது என்று நான் தேடவில்லை, நீங்கள் கண்டுபிடிப்பதே முறை. என்ன மரியாதை. ஒன்பது நாள் அந்த மரியாதையை நினைத்து நினைத்துத் தூங்கவில்லை. நாளுக்கு ஒரு குடும்பம் என்றல்லவா அட்டையில் போட்டிருக்கிறது, வருஷத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு தொழிலாளியின் பெயரில் ஒரு இசைக் குடும்பம், ராஜாக்கள் பெயரும் சாமி பெயரும் வேண்டாம், ஆலையில் வேலை பார்த்தவன் பெயர் போதும் என்று அவரே எழுதிய வாசகம், அந்தப் பெயர்களும் சங்கத்தில் மூன்று சாட்சிகள் முன் வாசித்துச் சேர்த்தவை, அதில் ஒரு நாளைப் பிடுங்கப் பார்க்கிறாள் பாளையங்கோட்டைக்காரி.

எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் ஒரே குடும்பம், அந்த விதிக்காகத்தான் இந்த வேலையே. வாத்தியாரின் எழுபத்திரண்டில் ஸட்ஜம் பிறக்கும்போதே முதலாளி, நாற்காலியை விட்டு இறங்காது, மற்றவை அதற்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. இவருடைய முறையில் சுரங்களை எண்ணுவதில்லை, சுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை எண்ணுவது, ஐந்து சுரம், ஐந்து இடைவெளி, கூட்டினால் பதினேழு, அதை வட்டமாக வைத்தால் தலையும் இல்லை காலும் இல்லை, எவனும் தலைவனாகலாம், யார் முதலில் நின்றாலும் குடும்பம் அதே குடும்பம். வட்டத்தை எழுத வேண்டுமானால் எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும், அதனால் சிறிய இடைவெளியிலிருந்து தொடங்குவது என்று இவர் வைத்துக்கொண்டார். தவசி பிடிவாதமாகப் பெரியதிலிருந்து தொடங்கினான், ஓட்டை பெருசா இருக்கிற பக்கம்தான்யா கைய விட முடியும் என்பான், பிட்டர் புத்தி, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் இடைவெளி எண்கள் எழுதிய சீட்டுகளைப் பரப்பி, அவனுடையவற்றைத் திருப்பித் திருப்பி இவர் வரிசைக்கு மாற்றி, இரட்டிப்பு வந்தால் கிழித்துப் போட்டு, வட்டமாகப் பதினேழு ஆணி அடித்த பலகையில் ரப்பர் வளையம் மாட்டிச் சரிபார்த்து, எத்தனை ஞாயிறு. கருத்தப்பாண்டி தண்ணீர் குடித்தார். சரி, பதிலுக்கு ஒரு உதாரணம் வேண்டும், கேட்பவன் ஓவென்று சிரிக்கும்படி, இதோ இரண்டு குடும்பம், இதையா அம்மா ஒன்று என்கிறாய் என்று கேட்கும்படி, ஒன்றுக்கொன்று எட்டாத இரண்டு. ஒன்று, 118, ஒன்று-ஆறு-ஐந்து-இரண்டு-மூன்று, அதற்கு அவர் தன் பெயரையே வைத்திருந்தார், முதலாவதற்கு வைக்கவில்லை, கடைசிக்கும் வைக்கவில்லை, கூட்டத்தோடு கூட்டமாக 118-இல் தன்னை வைத்தார், அந்த அடக்கம் யாருக்காவது தெரிந்ததா, வாசித்தால் கோஷம்போல இருக்கும், முதல் ஒன்றில் சடக்கென்று ஏறி ஆறில் தாவும், ஆலை வாயிற்கூட்டத்தில் கை உயர்வதுபோல. அதற்கு எதிரில் எதை வைக்கலாம், 365-ஐ வைக்கலாம், கடைசிச் சீட்டு, இழுத்து இழுத்து அழுவதுபோல, ஆறு-ஐந்து-இரண்டு-மூன்று-ஒன்று, சிறு நூலில் அந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை, ‘பெயர் பின்னர்’ என்று போட்டிருக்கிறது. தீர்மானத் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் 118-இன் எண்களை எழுதினார். கீழே 365-இன் எண்களை எழுதினார். எழுதி, அடிக்கோடு போடப் போன பேனா தாளிலேயே நின்றது.

ஒன்று ஆறு ஐந்து இரண்டு மூன்று. ஆறு ஐந்து இரண்டு மூன்று ஒன்று. முன்னால் நிற்கிற ஒன்று நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றால். நின்றால் அவ்வளவுதான். திரும்ப எழுதினார், விரலால் மறைத்துப் பார்த்தார், எதிரே மேசைமேல் மூடி வைத்திருந்த பதினேழு கட்டைப் பெட்டியைத் திறந்து, துருத்தியைத் தொடாமல், காற்றில்லாமல், சத்தமில்லாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார், இதிலிருந்து தொடங்கினால் இருளாண்டி, அடுத்த கட்டையிலிருந்து தொடங்கினால் பெயர் பின்னர், அதே ஐந்து கட்டை, ஒரு விரல்கூட இடம் மாறவில்லை. அவருக்கு உள்ளே குபீரென்று ஒன்று கிளம்பியது, பயம் என்று நினைத்தார், பயம் இல்லை, சிரிப்பு, இந்த வயதில், எழுபத்திரண்டு வயதில், காது மடல் சுடும்படி ஒரு சந்தோஷம், கண்டுபிடித்துவிட்டேன் யூனிஸ் அம்மா, நீ தேடாததை நான் கண்டுபிடித்துவிட்டேன், தோற்றவன் எப்படி இப்படிச் சந்தோஷப்படலாம், ஆனால் படுகிறேனே, விதி ஜெயித்துவிட்டதே, என் விதி, நான் வகுத்தது, என்னையே பிடித்துவிட்டது, இதைவிட அதற்கு என்ன சான்று வேண்டும். எப்படி விட்டேன், எத்தனை ஞாயிறு சரிபார்த்தோம். அந்தச் சீட்டு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வரவில்லை. ஆமாம். அது நீக்கத்துக்குப் பிறகு வந்தது. தவசியைச் சங்கத்திலிருந்து நீக்கி மூன்றாம் வாரம் யாரோ கொண்டுவந்து கொடுத்த சீட்டு, பென்சிலில் ஐந்து எண், வேறு ஒரு வார்த்தை கிடையாது, துரோகியின் சீட்டைப் பலகையில் மாட்டிப் பார்க்கக் கை கூசியது, கிழிக்கவும் முடியவில்லை, கையில் அதுவரை இருந்தது 364, ஒன்று சேர்த்தால் 365, நாளுக்கு ஒன்று, அட்டைக்கு எவ்வளவு பொருத்தம், அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். அவனுக்குத் தெரியுமா, தெரிந்தே அனுப்பினானா, உன்னுடையதைத் திருப்பிப் பார், அதுதான் என்னுடையது என்று, இல்லை வெறுமனே தன் பங்கு வேலையை முடித்துக் கொடுத்தானா, பிட்டர்கள் அப்படித்தான், வேலையை விட்டு நிறுத்தினாலும் கடைசி ஆணியை முடுக்கிவிட்டுத்தான் போவார்கள். விரல் இன்னும் கட்டைகளின் மேல் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு கட்டை தள்ளித் தொடங்கினால் ஐந்து-இரண்டு-மூன்று-ஒன்று-ஆறு. ஐந்தில் காந்தாரம். பிசிறு காந்தாரம். அப்புறம் மத்யமம், பஞ்சமம், பஞ்சமத்தை ஒட்டிக்கொண்டு தைவதம். நூல் சுற்றும் பகுதி, ராத்திரி ஷிப்டு முடியும் விடியற்காலை, அவள் குரல். இருளாண்டி தலை நிமிர்ந்து முன்பெஞ்சைப் பார்த்தார். அன்னத்தாய் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, சத்தமில்லாத பெட்டியை அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மறைத்துவிடலாம், இதுவும் தோன்றியது, தோன்றாமல் இருக்குமா, பதில் நாலு பக்கம் தயார், வாசித்தால் மூவரும் கேட்டேன் என்பார்கள், இங்கே யாருக்கு வகுத்தல் தெரியும், அந்த அம்மாள் பாளையங்கோட்டையில். அல்லது 365-ஐ அடித்துவிட்டு 118-ஐ வைத்துக்கொள்ளலாம், பெயரில்லாதது போனால் யாருக்கு நஷ்டம், அது நியாயம்போலவே இருந்தது, கிட்டத்தட்ட எழுந்துவிட்டார், அப்போதுதான் மூன்றாவது அநீதி வந்து முட்டியது, வழக்கம்போல வேகமாகக் கடந்துவிடப் பார்த்தார், முடியவில்லை. பட்டியலை உள்ளிருந்து கொடுத்தது தவசி. இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் விருதுநகர் பேருந்து நிலையத்தில் ஆலையின் பழைய நேரக்குறிப்புக் குமாஸ்தா, ஒரு கையில் இழுப்பு மருந்து, மறு கையால் இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அந்த லிஸ்ட்ட நாந்தான் அண்ணாச்சி குடுத்தேன், அந்தப் பிட்டருக்கு அது தெரியவே தெரியாது என்றான். பதினோரு வருஷம். தவசி அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தான், இரண்டு தெரு தள்ளி, பெட்டிகளுக்குத் துருத்தி ஒட்டிக்கொண்டு. போகலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தார், நினைத்துவிட்டு, சாட்சிகள் முன் வாசித்ததாயிற்றே, வாசித்துத்தானே மாற்ற வேண்டும், கூட்டம் கூடட்டும், நிகழ்ச்சி நிரலில் வரட்டும். நிரலை எழுதுகிறவரும் அவர்தான். அந்த 1983 கூட்டத்தின் சாட்சி முறை யாருக்கு வந்தது, அதையும் நினை இருளாண்டி, இன்றைக்கு எல்லாவற்றையும் நினை, முறைப்படி மூன்றாவது சாட்சி அன்னத்தாய், கைக்குழந்தையோடு இதே பெஞ்சில், இவர் அவள் புருஷன் பெயரை உரக்க வாசித்தார், இரண்டு பேர் கேட்டேன் என்றார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை, இவர் இரண்டு போதும் என்று எழுதிக்கொண்டார். இவர் வகுத்த விதியை இவரே மீறிய ஒரே நாள் அது. அதனால்தான் அவள் ஒரு கூட்டம் விடாமல் வருகிறாளா, முப்பத்தாறு வருஷமாக, விதிப்படி என் புருஷன் நீக்கப்படவில்லை என்று வாயால் சொல்லாமல் உட்கார்ந்து காட்டுவதற்கு. ஐந்து அநீதி என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, மூன்றாவது தன் கணக்கில் வரவே கூடாது, அது எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது என்று தெரிந்தபோது, ஆச்சரியம், அந்தக் குபீர் அடங்கவில்லை, இன்னும் மேலே ஏறியது, கூட்டம் பேசப் போகும் முன் அந்தக் காலத்தில் வயிற்றில் ஏறுமே, போலீஸ் வண்டி நின்றாலும் பேசியே தீருவது என்று, அதே.

கருத்தப்பாண்டி குறிப்பை மூடி, அடுத்து தோழர் இருளாண்டி கணக்குக் கடிதத்துக்குப் பதில் வாசிப்பார், நீளமானது, யாரும் தூங்க வேண்டாம் என்றார். இருளாண்டி எழுந்தார். நாலு பக்கத்தையும் மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார், தீர்மானத் தாளின் பின்பக்கத்தைக் கையில் எடுத்தார். அந்த அம்மாள் சொன்னதுதான் சரி, முந்நூற்று அறுபத்து நாலுதான், ஒன்று இரண்டு முறை வந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை, மரியசூசை காதுக்கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். கடைசிக் குடும்பமும் நூற்றுப் பதினெட்டும் ஒன்றே என்றார், வட்டத்தை வரைந்து காட்டினார், நூல் சுற்றும் பகுதியில் பாடின பாட்டும் அதே குடும்பம் என்றார். பிறகு 1983 பட்டியலைக் கொடுத்தது யார் என்று குமாஸ்தாவின் பெயரைச் சொல்லாமல் சொன்னார், அது தனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும் என்பதையும் சொன்னார், அந்த எண்ணைச் சொல்லும்போது மட்டும் முன்பெஞ்சைப் பார்க்க முடியவில்லை. கருத்தப்பாண்டி பேனாவை மூடினார், திறந்தார். இது நிரலில் இல்லையே தோழர் என்று மெல்லச் சொன்னார். அன்னத்தாய் கைக்கட்டை அவிழ்த்தாள்.

“அவரு வாசிக்கட்டும்,” என்றாள். “அன்னைக்கும் நான் இங்கதான் இருந்தேன். அன்னைக்கு நான் கேட்டேன்னு சொல்லல, தலைவரே. எழுதினவுகளுக்குத் தெரியும்.”

“தெரியும், அன்னத்தாய்.”

“அப்ப நிறுத்தி வாசிங்க. மரியசூசை அண்ணனுக்குக் காது மந்தம்.”

இருளாண்டி துருத்தியைத் திறந்தார். ஐந்து கட்டைகளையும் ஒவ்வொன்றாக, அவள் தொடங்கும் இடத்திலிருந்து, ஒரு சுற்று வாசித்தார். பிசிறு என்று வாசலோடு திருப்பப்பட்ட அந்தக் காந்தாரம், செத்துப்போன ஒருவன் நுனியிலும் வேரிலும் அராவி வைத்த ரீடில், விசிறியின் உறுமலை ஒதுக்கிக்கொண்டு அறை நடுவில் நேராக நின்றது. அவள் முகத்தை அவர் இப்போது பார்த்தார். தாளைத் தூக்கிப் பிடித்தார், வாயிற்கூட்டத்தில் பேசும் அதே குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வாசித்தார்.

“குடும்பம் நூற்றுப் பதினெட்டு. இடைவெளிகள், ஐந்து, இரண்டு, மூன்று, ஒன்று, ஆறு. இதுவரை இருந்த பெயர், இருளாண்டி, நீக்கப்படுகிறது. இனி இதன் பெயர், ஆலையில் பிட்டராக இருந்தவர், பதினேழு கட்டைப் பெட்டியைச் செய்தவர், இந்தச் சங்கத்திலிருந்து எந்த நாளிலும் விதிப்படி நீக்கப்படாதவர். சாட்சிகள் கேளுங்கள். ப. தவசி.”